நம்பியவருக்கு யார் பொறுப்பு?



இத்திங்கள் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். குடும்பம், பிள்ளைகள், கல்வி, சிக்கனம் என்றே பேசப்படும் பக்கங்களில் கணிப்பொறிக்கு என்ன வேலை என்று கேட்பாரும் இருக்கலாம். ஆனால் இன்று ஓய்வூதியம் நம்மை வந்தடைவது கணிப்பொறி வழியே. ரேஷன் கடையில் நாம் விரல் பதிப்பதும் கணிப்பொறியில்தான். மருத்துவமனையில் குருதியைச் சோதிக்கும் கருவிக்குள்ளும் ஒரு கணிப்பொறி உண்டு. பேரனின் மதிப்பெண்ணும் பாட்டியின் சேமிப்பும் அதனுள்ளேயே அடங்கிக் கிடக்கின்றன. ஏன், நமது சட்டைப் பையிலிருக்கும் செல்பேசியே ஒரு முழுக் கணிப்பொறிதான். ஆகவே இதனைப் பொறியாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக் கொள்ளட்டும் என்று குடும்பத் தலைவரும் தலைவியும் ஒதுங்கி நிற்க இயலாது.

நாம் கேட்க விரும்பும் கேள்வி ஒன்றே. கோடிக்கணக்கான மக்கள் ஒரு பொருளை நம்பித் தங்கள் பணத்தையும் பயணத்தையும் மருத்துவத்தையும் அதன்மேல் ஏற்றி வைத்திருக்கும்போது, அப்பொருள் தவறினால் அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? பாலம் இடிந்தால் கட்டியவரைக் கேட்கிறோம். மருந்து கெட்டிருந்தால் மருந்துக் கம்பெனியைக் கேட்கிறோம். பிரஷர் குக்கர் வெடித்தால் அதனைச் செய்து விற்றவரைக் கேட்கிறோம். மென்பொருள் தவறினால் மட்டும் கேட்பதற்கு ஆளில்லை. கேட்டாலும், "பாஸ்வேர்டைச் சரியாக வைத்திருக்கக் கூடாதா?" என்ற அறிவுரையே பெரும்பாலும் பதிலாகக் கிடைக்கிறது. இந்நிலை முறையானதா என்பதைச் சில உண்மை நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

சாவிக்கொத்து யாரிடம்?

கணிப்பொறியின் பாகங்கள் கண்ணுக்குத் தெரியும். அவற்றை இயக்கும் கட்டளைகளோ கண்ணுக்குத் தெரியா. இக்கட்டளைத் தொகுதிகளையே மென்பொருள் என்கிறோம். மென்பொருள்களுள் தலையாயது இயங்குதளம். ஒரு பெரிய திருமண மண்டபத்தை எண்ணிப் பாருங்கள். சமையற்காரர், மேளக்காரர், பந்தற்காரர், புகைப்படக்காரர் எனப் பலரும் வந்து தத்தம் வேலையைச் செய்கின்றனர். யாருக்கு எந்த அறை, எந்த அலமாரியை யார் திறக்கலாம், யார் எவ்வளவு மின்சாரம் எடுக்கலாம் என்பதையெல்லாம் ஒழுங்கு செய்பவர் மண்டபத்தின் மேலாளர். எல்லா அறைகளின் சாவிக்கொத்தும் அவர் கையில்தான். கணிப்பொறியில் அம்மேலாளரின் இடத்தில் இருப்பதே இயங்குதளம். மேசைக் கணிப்பொறிகளில் பெரும்பாலும் விண்டோஸ். செல்பேசிகளில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. இணையத்தை நடத்தும் பெரிய கணிப்பொறிகளில் மிகுதியும் லினக்ஸ். ஆண்ட்ராய்டின் உட்கருவாக இருப்பதும் லினக்ஸே.

இவற்றின் வரலாறு நீண்டதன்று. 1969-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோரின் முயற்சியால் யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் உருவாகத் தொடங்கியது. 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யூனிக்ஸின் போக்கைப் பின்பற்றி லினக்ஸை எழுதி, பிறரும் எடுத்துத் திருத்தலாம் என்று வெளியிட்டார். மைக்ரோசாஃப்ட் நிறுவனமோ விண்டோஸை விலைக்கு விற்று, அதன் மூலநிரலைத் தன்னிடமே காத்து வைத்தது. மூலநிரல் என்பது மனிதர் படிக்கத்தக்க வடிவில் எழுதப்பட்ட கட்டளைகள். அதனைப் பொறிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தருவதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு. அதற்குக் கம்பைலர் என்று பெயர். இவ்விரு சொற்களையும் வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

சாவிக்கொத்தை வைத்திருப்பவர் விழிப்பாயிருந்தால் மண்டபம் பிழைக்கும். அவர் உறங்கிவிட்டாலோ ஏமாற்றப்பட்டாலோ, அறைக் கதவுகள் எத்துணை உறுதியாக இருந்தும் பயனில்லை. கணிப்பொறிப் பாதுகாப்பின் சாரம் இவ்வளவே.

1984-இல் ஓர் எச்சரிக்கை

தாம்ப்சனுக்கும் ரிச்சிக்கும் 1983-ஆம் ஆண்டின் டூரிங் விருது வழங்கப்பட்டது. கணிப்பொறித் துறையில் இதனினும் உயர்ந்த விருது இல்லை எனலாம். தமது விருதுரையில் தாம்ப்சன் தம் பெருமையைப் பேசாமல், ஒரு திருட்டு வழியை விளக்கிக் காட்டினார். 1984-இல் அச்சேறிய அவ்வுரை மூன்றே பக்கம் கொண்டது. இன்றளவும் இத்துறையினர் அதனைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகின்றனர்.

அவர் கூறியதன் கருத்து இது. ஒருவர் கம்பைலருக்குள் ஒரு தீய கட்டளையை ஒளித்து வைக்கிறார் என்று கொள்வோம். கடவுச்சொல்லைச் சோதித்து ஆட்களை உள்ளே விடும் நிரலை அந்தக் கம்பைலர் மாற்றித் தரும்போதெல்லாம், அத்தீயவருக்கு மட்டும் தெரிந்த ஒரு புழக்கடைக் கதவையும் சேர்த்தே கட்டிவிடும். அந்நிரலின் மூலநிரலை நூறு பேர் படித்தாலும் குற்றம் காணமாட்டார்கள். ஏனெனில் குற்றம் அங்கே இல்லை. அப்படியானால் கம்பைலரின் மூலநிரலைப் படித்துக் கண்டுகொள்ளலாமே என்று தோன்றும். கம்பைலரும் ஒரு மென்பொருளே. புதிய கம்பைலரைப் பொறிமொழிக்கு மாற்றுவதும் பழைய கம்பைலர்தான். பழையது புதியதைக் கட்டும்போது அத்தீய கட்டளையை அதற்குள்ளும் தானே விதைத்துவிடும்படி செய்துவிட்டால், மூலநிரலிலிருந்து அதனைத் துடைத்தெடுத்துவிடலாம். அதன்பின் எழுத்தில் அது எங்கும் இராது. செயலில் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும்.

அரிசி நல்லது, உளுந்தும் நல்லது, ஆனால் ஆட்டுக்கல்லில் நஞ்சு ஊறியிருக்கிறது என்றால், அரிசியைப் புடைத்துப் பார்த்துப் பயன் என்ன? நாமே முழுவதும் எழுதாத எந்த நிரலையும் நம்புவதற்கில்லை என்ற முடிவுக்குத் தாம்ப்சன் வந்தார். ஒரு வரி நிரல்கூட எழுதாத நம்மைப் போன்றோர் பிறர் எழுதியதை நம்பியே தீரவேண்டும். எனவே அந்தப் பிறர் யார், அவர் எப்படி வேலை செய்கிறார், தவறினால் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தெரிந்த ஓட்டை, அடைபடாத ஓட்டை

2017 மே 12 அன்று 'வன்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000-க்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் தாக்குண்டன. கோப்புகள் பூட்டப்பட்டன, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கட்ட வேண்டும் என்ற அறிவிப்புத் திரையில் தோன்றியது. இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவையில் மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்கள் ஏதோ ஒருவகையில் பாதிக்கப்பட்டன. ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் இரத்தாயின என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. சில மருத்துவமனைகள் அவசர நோயாளிகளை வேறிடத்துக்கு அனுப்ப நேர்ந்தது.

இத்தீங்கு எவ்வாறு விளைந்தது என்று பாருங்கள். விண்டோஸில் ஓர் ஓட்டை இருந்தது. அது மைக்ரோசாஃப்டின் குறை. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை அதனைக் கண்டுபிடித்து, உரியவரிடம் கூறாமல், உளவுக்கு உதவும் ஆயுதமாகச் செய்து வைத்துக்கொண்டது. அவ்வாயுதம் அதன் கையை விட்டுப் போயிற்று. 2017 ஏப்ரலில் 'ஷேடோ புரோக்கர்ஸ்' என்ற பெயரில் ஒரு கூட்டத்தார் அதனை ஊரறிய வெளியிட்டனர். மைக்ரோசாஃப்ட் மார்ச்சு மாதத்திலேயே ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை வெளியிட்டிருந்தது. ஆனால் பற்பல நிறுவனங்கள் அதனைப் பொருத்தவில்லை. தீநிரலை ஏவியவர் வடகொரியர் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் அவ்வாண்டு டிசம்பரில் குற்றஞ்சாட்டின.

குற்றவாளி குற்றவாளியே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவனுக்கு முன்னே நின்ற மூவரும், அதாவது ஓட்டையோடு விற்றவரும், ஓட்டையை மறைத்தவரும், ஓட்டையை அடைக்காதவரும், ஒருவரையொருவர் சுட்டிக் காட்டினரே அன்றிச் சந்திப்பு இரத்தான நோயாளியிடம் "இதற்கு நாங்கள் பொறுப்பு" என்று கூறியவர் இலர். அடைக்காதவரையும் முழுக்கக் குறைகூற இயலவில்லை. மருத்துவக் கருவியோடு இணைத்து விற்கப்பட்ட கணிப்பொறியில், விற்றவர் ஒப்புதலின்றி மருத்துவமனை கைவைக்க முடியாத நிலை பல இடங்களில் உண்டு. இறுதியில் அத்தீநிரலின் வேகத்தைத் தடுத்தவர் மார்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இளைஞர். தீநிரல் தேடிக்கொண்டிருந்த ஒரு வலைமுகவரியை அவர் தம் பெயரில் பதிவு செய்ய, பரவல் அடங்கியது. அதற்கு ஆன செலவு சில டாலரே.

காவலர் தந்த தொல்லை

வேலியே பயிரை மேய்வதை நாம் கேள்வியுற்றிருக்கிறோம். 2024 சூலை 19 அன்று உலகம் அதனைக் கண்ணாரக் கண்டது. கிரவுட்ஸ்ட்ரைக் என்பது பெரிய நிறுவனங்களின் கணிப்பொறிகளுக்குக் காவல் வழங்கும் அமெரிக்கக் கம்பெனி. அதன் காவல் மென்பொருள் விண்டோஸின் உட்கருவிலேயே குடியிருந்து வேலை செய்யும். நமது மண்டப உவமையில் சொன்னால், மேலாளரின் சாவிக்கொத்தைக் காவற்காரரும் வைத்திருந்தார்.

அன்று இந்திய நேரம் காலை 9.39 மணிக்கு அக்கம்பெனி ஒரு சிறு புதுப்பிப்பை உலகெங்கும் ஒரே வேளையில் அனுப்பியது. காவல் நிரலின் ஒரு பகுதி 21 விவரங்களை எதிர்பார்த்தது. அதற்கு வழங்கப்பட்டவையோ 20. இல்லாத இருபத்தொன்றாவதை எடுக்கப் போய் நிரல் இடறியது. உட்கருவில் இருந்தபடி இடறியமையால் கணிப்பொறி முழுவதும் விழுந்தது. மீண்டும் இயக்கினால் மீண்டும் விழுந்தது. 78 நிமிடத்தில் பிழையைத் திரும்பப் பெற்றனர். அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் முடங்கிவிட்டன என மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பாலானவற்றை ஆட்கள் ஒவ்வொன்றாகச் சென்று கையாலேயே சீர்செய்ய வேண்டியிருந்தது. விமானங்கள் நின்றன, மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. நமது நாட்டிலும் சில விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய ஏறுசீட்டுகள் வழங்கப்பட்டன.

இங்கே பகைவன் ஒருவனும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பண்டத்தைப் பந்தி முழுவதற்கும் பரிமாறும் முன் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கும் பழக்கம் நமது சமையற்கட்டில் உண்டு. புதுப்பிப்பை முதலில் சில கணிப்பொறிகளுக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் இத்துணைக் கேடு விளைந்திராது. அவ்வாறு படிப்படியாக அனுப்பும் முறையை அக்கம்பெனி இந்நிகழ்ச்சிக்குப் பின்னரே இவ்வகைப் புதுப்பிப்புகளுக்குக் கொண்டுவந்தது.

டெல்டா விமானக் கம்பெனி ஐந்து நாட்களில் ஏறத்தாழ 7,000 விமானங்களை இரத்துச் செய்தது; தனக்கு 50 கோடி டாலர் நட்டம் என்று கூறி, 2024 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ஒப்பந்தப்படி தங்கள் பொறுப்பு ஒற்றை இலக்க மில்லியன் டாலருக்கு, அதாவது ஒரு கோடி டாலருக்கும் குறைந்த தொகைக்கு, வரையறுக்கப்பட்டது என்பது கிரவுட்ஸ்ட்ரைக் தரப்பின் வாதம். டெல்டாவும் பிறர் செய்ததுபோல் விரைவில் மீண்டிருக்கலாம் என்பது அவர்களின் மற்றொரு வாதம். வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என 2025 மே மாதத்தில் நீதிபதி தீர்ப்பளித்தார். இருதரப்பு நியாயத்தை நீதிமன்றம் ஆராயட்டும். பெரிய விமானக் கம்பெனிக்கே நிலை இதுவென்றால், அன்று விமானத்தைத் தவறவிட்டு நாற்காலியில் இரவைக் கழித்த பயணிக்கு யார் வாதாடுவார் என்பதே நமது கவலை.

அரை வினாடி

இதுவரை கூறியவை பெருங்கம்பெனிகளின் செய்தி. இனி யாரும் விலை கொடுத்து வாங்காத மென்பொருளைப் பற்றிப் பார்ப்போம். லினக்ஸைச் சார்ந்த பல்லாயிரம் சிறு கருவிகளைத் தன்னார்வலர்கள் ஊதியமின்றி எழுதிப் பேணுகின்றனர். உலகின் பெருங்கம்பெனிகள் அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்கின்றன. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெரும் ஓட்டை வெளிப்பட்டபோதுதான், இணைய வணிகத்தின் பூட்டாக விளங்கிய அம்மென்பொருளுக்கு ஆண்டு நன்கொடையாக வந்துகொண்டிருந்தது ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே என்பதை உலகம் அறிந்தது. ஊர் முழுவதும் குடிக்கும் கிணற்றுக்குத் தூர்வார ஆளில்லாத கதை இது.

பத்தாண்டுக்குப் பின் இதனினும் கொடிய ஒன்று நிகழ்ந்தது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கித் தரும் சிறு கருவி. ஏறக்குறைய எல்லா லினக்ஸ் தொகுப்புகளிலும் இருப்பது. அதனைப் பல்லாண்டு தனியாளாகப் பேணி வந்தவர் ஃபின்லாந்தைச் சேர்ந்த ஒருவர். 2022-இல் சிலர் அவரை நெருக்கினர். வேலை மெதுவாக நடக்கிறது, வேறொருவரிடம் ஒப்படையுங்கள் என்று மீண்டும் மீண்டும் கடிந்து எழுதினர். தம் மனநலம் தளர்ந்திருப்பதையும், இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணியே என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவ்வேளையில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையோடும் பணிவோடும் உதவி செய்து வந்தார். அவருக்குப் பொறுப்பும் சாவியும் வழங்கப்பட்டன. அப்பெயருக்குப் பின்னால் இருந்தவர் தனியாளா, ஓர் அரசின் கூலியாளா என்பது வெளிப்படவில்லை. கடிந்து எழுதியவர்களும் அதே சூழ்ச்சியின் பங்காளிகள் என்றே பலரும் கருதுகின்றனர்.

ஈராண்டுக்கு மேல் நல்லவராய் நடந்துகொண்ட அந்த ஆள், 2024 பிப்ரவரியில் எக்ஸ்இசட்டின் புதிய பதிப்புக்குள் ஒரு புழக்கடைக் கதவை வைத்தார். தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைவோரைச் சோதிக்கும் நிரலை அது சில லினக்ஸ் தொகுப்புகளில் வளைத்துவிடும். தீய பகுதி, சோதனைக்கென்று வைத்திருந்த கோப்புகளில் மறைந்திருந்தது. அதனை எடுத்து உள்ளே பொருத்தும் கட்டளையோ, எல்லோரும் படிக்கும் மூலநிரலில் இல்லாமல், வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தது. நாற்பதாண்டுக்கு முன் தாம்ப்சன் காட்டிய பாடம் இதுவேயன்றோ!

இதனைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்டு என்னும் பொறியாளர். அவர் தேடியதோ வேறொன்று. தம் கணிப்பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நம்மில் எவராயினும் "போகட்டும்" என்றிருப்போம். அவர் விடவில்லை, நூலைப் பிடித்துச் சென்று கதவைக் கண்டார். 2024 மார்ச்சு 29 அன்று, அவ்வாண்டின் பெரிய வெள்ளிக்கிழமையில், உலகுக்கு அறிவித்தார். நிலையான பதிப்புகளாகப் பெருவாரியான கணிப்பொறிகளை அடையுமுன் அது பிடுங்கியெறியப்பட்டது. ஒரு மனிதரின் உண்மையான வேலைப்பற்று எத்தனையோ மருத்துவமனைகளையும் வங்கிகளையும் காத்தது எனில் மிகையாகாது.

ஆயினும் இதைக் கேட்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. ஒருவர் தற்செயலாகக் கவனித்ததனால் தப்பினோம் என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. களைத்துப்போன ஒரு தன்னார்வலரைக் கைவிட்டது யார்? அவர் உழைப்பால் கோடி கோடியாய் ஈட்டியவர்களே அல்லரோ?

சிறிய எழுத்தில் உள்ளது

புதிய மென்பொருளைப் பொருத்தும்போது நீண்டதோர் ஒப்பந்தம் திரையில் தோன்றும். படிப்பார் அரியர்; "ஏற்கிறேன்" என்பதை அழுத்திவிட்டு மேலே செல்கிறோம். அவ்வொப்பந்தங்களில் பெரும்பாலானவற்றின் உட்பொருள் இது: பொருள் உள்ளபடியே தரப்படுகிறது, எந்த வேலைக்கும் இது தகுதியானது என்று உறுதி கூறவில்லை, இதனால் நேரும் நட்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, பொறுப்பென்றாலும் நீங்கள் கட்டிய விலைக்கு மேல் இல்லை. விளம்பரத்தில் "முழுப் பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் முழங்கும் வாயே ஒப்பந்தத்தில் "எதற்கும் உறுதியில்லை" என்று முணுமுணுக்கிறது. ஒரே பொருளைப் பற்றி இவ்விரு கூற்றும் எவ்வாறு ஒருங்கே உண்மையாகும்?

மறுத்துரைப்பார் சொல்வதையும் நாம் கேட்க வேண்டும். மென்பொருள் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது, பிழையே இல்லாமல் எழுத மனிதரால் இயலாது என்பர். இது உண்மை. பிழையே கூடாதென்று நாமும் கேட்கவில்லை. சமையலில் உப்புக் கூடுவதும், பரிமாறுமுன் சுவைத்தே பார்க்காததும் ஒரே தரத்துக் குற்றங்கள் அல்ல. பொறுப்பைச் சுமத்தினால் புதியன காண்போர் அஞ்சி ஒதுங்குவர் என்பர். மருந்துக்கும் மோட்டார் வண்டிக்கும் சட்டப் பொறுப்பு வந்த பின்னரும் அத்தொழில்கள் வளர்ந்தனவே அன்றி அழிந்துவிடவில்லை. இலவசமாக எழுதித் தருபவரையும் தண்டிப்பீரோ என்பர். கூடாது, கூடவே கூடாது. தண்ணீர்ப் பந்தல் வைத்தவரையும் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்றவரையும் ஒரே தட்டில் நிறுத்தலாகாது. இலவசத்தை எடுத்து விலையுள்ள பொருளாக்கி விற்பவர் யாரோ, அவரே அதனைச் சோதிக்கவும், எழுதியவரைத் தாங்கவும் கடமைப்பட்டவர்.

சட்டமும் மெல்ல இவ்வழியில் அடியெடுத்து வைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சைபர் ரெசிலியன்ஸ்' சட்டம் 2024 டிசம்பர் 10 அன்று அமலுக்கு வந்தது; அதன் முதன்மைக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகும். விற்ற பொருளின் ஓட்டைகளை அதன் ஆதரவுக் காலம் முழுவதும் அடைத்துத் தருவது உற்பத்தியாளரின் கடன் என்கிறது அச்சட்டம். வணிக நோக்கமின்றி எழுதித் தரும் தன்னார்வலரை அது விலக்கி வைக்கிறது. குறையுள்ள பொருளுக்கான பொறுப்பைப் பற்றி 2024-இல் திருத்தப்பட்ட மற்றொரு நெறிமுறை, மென்பொருளையும் 'பொருள்' என்றே கணக்கிடுகிறது. உறுப்பு நாடுகள் 2026 டிசம்பர் 9-க்குள் அதனைத் தம் சட்டமாக்கிக்கொள்ள வேண்டும். நமது நாட்டில், தாக்குதல் நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்கு அறிவிக்க வேண்டுமென 2022 ஏப்ரலில் ஆணை பிறந்தது. இது நன்றே. ஆனால் அறிவிக்கும் கடமை பெரும்பாலும் அடிபட்டவர்மேல் விழுகிறது. ஓட்டையோடு விற்றவர்மேல் விழும் கடமையும் வலுப்பெற வேண்டும் என்பது நமது கருத்து.

நாம் செய்யத்தக்கன

பொறுப்பு பெரியவர்களுடையது என்பதால் நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்கலாம் என்று கொள்ளற்க. வீட்டுப் பூட்டு தரமற்றது என்று கம்பெனியோடு வழக்காடுபவரும் இரவில் கதவைத் தாழிடத்தான் வேண்டும். செல்பேசியும் கணிப்பொறியும் கேட்கும் புதுப்பிப்பை நாளை நாளை என்று தள்ளாதிருங்கள். வன்னாகிரையின் பாடம் அதுவே. கம்பெனி ஆதரவை நிறுத்திவிட்ட பழைய கருவியில் வங்கிக் கணக்கைத் திறக்காதிருப்பது நலம். விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றே முடிந்தது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வங்கிக்கு வைத்த கடவுச்சொல்லை வேறெதற்கும் வைக்க வேண்டாம். தொலைபேசியில் ஓடிபி கேட்பவர் எவராயினும் கொடுக்க வேண்டாம். முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் வேறோரிடத்தில் படியெடுத்து வையுங்கள். பணம் பறிபோயிற்றெனில், வெட்கத்தால் மறைக்காமல், உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். ஏமாந்த தாயையோ தந்தையையோ பிள்ளைகள் ஏளனம் செய்யலாகாது. தாம்ப்சனே நம்ப இயலாதென்று கைவிரித்த இடத்தில், எழுபது வயது முதியவர் ஏமாந்தது குற்றமாகாது.

இறுதியாக, மென்பொருள் கம்பெனிகளில் வேலை செய்யும் நமது இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் நமது குடும்பங்களின் பிள்ளைகள் பல்லாயிரவர் இத்தொழிலில் இருக்கின்றனர். நீங்கள் எழுதும் நிரலை நம்பியிருப்பவரை நீங்கள் காணப் போவதில்லை; உங்கள் பெயரை அவரும் அறியப் போவதில்லை. மேலாளர் அவசரப்படுத்துகிறார், வாடிக்கையாளர் தேதி குறித்துவிட்டார், சோதனையை அடுத்த முறை பார்த்துக்கொள்வோம் என்ற பேச்சு எழும் வேளைதான் உங்கள் கடமையின் வேளை. 20 விவரங்கள் இருக்குமிடத்தில் இருபத்தொன்றாவதைத் தேடினால் என்ன ஆகும் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். 85 இலட்சம் கணிப்பொறிகள் விழுந்திரா. "இதனை நான் சோதிக்கவில்லை, வெளியிட வேண்டாம்" என்று சொல்லும் துணிவு, நீங்கள் கற்ற எந்த நிரல்மொழிக்கும் குறைந்த தகுதியன்று. பெற்றோரும், பிள்ளை வீட்டுக்கு வரும்போது சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, செய்யும் வேலை யாருக்குப் பயன்படுகிறது என்றும் கேட்பாராக. அதற்கு விடை சொல்லத் தெரிந்த பிள்ளை எழுதும் நிரலை நாமும் சற்றுக் கவலையின்றி நம்பலாம்.